குழந்தைகளின் உடற்சமநிலை: கண்ணளவிலிருந்து கருவியளவுக்கு
கண்மூடி நிற்கும் நோயாளி தள்ளாடுவதை நரம்புநோயின் அறிகுறியாக 19ஆம் நூற்றாண்டில் பதிவுசெய்தவர் செருமானிய மருத்துவர் மோரிட்சு ரோம்பெர்க். அங்கு மருத்துவரின் கண்ணே அளவுகோல். பின்னர் வந்த விசைத்தளம், பாத அழுத்தத்தின் மையம் நகர்வதை எண்ணாக்கியது. எனினும் அது பெரிதும் ஆய்வகத்துக்குள்ளேயே நின்றது. 2007இல் நின்டெண்டோ வெளியிட்ட, நான்கு உணரிகள் கொண்ட விளையாட்டுப் பலகை அந்நிலையை மாற்றியது. அதன் அளவீடுகள் விசைத்தளத்தோடு ஒத்துவருவதை 2010இல் ஓர் ஆய்வு காட்டிற்று. ஆயின் அதில் பங்கேற்றோர் வளர்ந்தோரே. பார்வை, உட்செவி, தசையுணர்வு ஆகியவற்றை ஒருங்கிணைக்கும் திறன் குழந்தையிடம் படிப்படியாகவே முதிர்கிறது; ஆதலால் அதன் உடலசைவு இயல்பிலேயே மிகுதி. கவனம் சிதறினாலும் எண் மாறும். எனவே வயதுக்குரிய ஒப்பீடும் உடனிருந்து நோக்கும் கண்ணுமின்றி, அவ்வெண்ணை மட்டும் கொண்டு குறைபாடு எனத் துணிதல் பொருந்தாது.