'ஒண்ணும் இல்லை' என்று சொன்னவர்கள்

காட்டு மிருகங்களைத் தானியங்கிக் கேமரா வைத்துப் படம் எடுப்பது ஏதோ நேற்று வந்த சமாச்சாரம்னு நினைக்கிறீங்களா? நூறு வருஷத்துக்கும் மேலான கதை மக்களே.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்று ஒரு வக்கீல். வேட்டைப் பிரியர். ஒரு கட்டத்தில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்கினார். கம்பியோ கயிறோ கட்டி வைப்பார்; மிருகம் அதை இழுத்தால் வெளிச்ச மருந்து பளிச்சென்று எரியும், படம் பதிவாகும். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரபிக் அவருடைய 74 படங்களைப் போட்டது. இந்தியாவில் 1920களில் வனத்துறை அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் இதே வழியில் புலிகளைப் பிடித்தார்... அதாவது படத்தில் :-)

சரி, படம் கிடைச்சாச்சு. கணக்கு? அது வேறு கதை. இந்தியாவில் பல வருஷம் கால்தடத்தை வைத்துத்தான் புலிகளை எண்ணினார்கள். ராஜஸ்தானின் சரிஸ்காவில் கணக்கில் புலி இருந்தது. 2005-ல் தேடினால் காட்டில் ஒன்றுகூட இல்லை. கள்ளவேட்டை முடித்துவிட்டிருந்தது. அதன் பிறகுதான் தேசியக் கணக்கெடுப்பு கேமராக்களை நம்பி நடக்க ஆரம்பித்தது.

என்னைக் கேட்டால் சரிஸ்கா சொல்லும் பாடம் இதுதான்: 'இருக்கு' என்று சொல்வது சுலபம், 'இல்லை' என்பதை முறையாகச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

அந்த வேலையைச் சாதாரண ஜனங்கள் செய்த இடம் ஒன்று உண்டு. தான்சானியாவின் செரங்கெட்டி. 2010-ல் ஆராய்ச்சியாளர்கள் 1,125 சதுர கிலோமீட்டரில் 225 கேமராக்களை வைத்தார்கள். சூட்டையும் அசைவையும் உணர்ந்து தானே படம் எடுக்கும் கேமராக்கள். வெயிலில் புல் ஆடினாலும் கிளிக்! 2013 வரைக்கும் 12 லட்சம் படத் தொகுப்புகள் சேர்ந்துவிட்டன. ஒரு சில ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து பார்த்து முடிக்கிற வேலையா அது?

2012 டிசம்பரில் படங்களை இணையத்தில் பொதுமக்களிடமே கொடுத்துவிட்டார்கள். பேரைப் பதிவு செய்தவர்கள் மட்டும் 28,000 பேருக்கு மேல். சம்பளம் கிடையாது. ஒரே படத்தைப் பலர் பார்ப்பார்கள். முதல் ஐந்து பேரும் 'ஒண்ணும் இல்லை' என்றால் அது வெற்றுப் படம் என்று ஒதுக்கப்படும். கடைசியில் மிருகம் இருந்தவை சுமார் 3.2 லட்சம் தொகுப்புகள்தான். மீதியெல்லாம் பெரும்பாலும் புல்லும் வெயிலும்! நிபுணர்கள் ஒரு பகுதியைச் சரிபார்த்தபோது, மிருகத்தின் பெயரைத் தொண்டர்கள் 100-க்கு 96 தடவைக்கு மேல் சரியாகச் சொல்லியிருந்தார்கள்.

சிங்கத்தைக் கண்டுபிடித்தவருக்கு அன்றைக்குச் சந்தோஷமாவது மிச்சம். நூறு புல் படத்தைப் பொறுமையாகப் பார்த்து 'ஒண்ணும் இல்லை' என்று அழுத்தியவருக்கு என்ன கிடைத்திருக்கும்? ஆனால் அவர் இல்லாவிட்டால் சிங்கக் கணக்குக்கும் மதிப்பில்லை. சரிஸ்காவில் அப்படி நாலு பேர் இருந்திருந்தால், கடைசிப் புலி போவதற்கு முன்னாலேயே யாராவது விழித்திருக்க மாட்டார்களா? நீங்களே சொல்லுங்க.