கோப்பைத் தேடித்தரும் பட்டியல்

கணிப்பொறியிற் கோப்புகள் பெருகப் பெருக, அவற்றுள் ஒன்றைத் தேடியெடுப்பது அரும்பணியாயிற்று. யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதற்கென அமைந்த 'ஃபைண்டு' என்னுங் கட்டளை, கேட்கும்போதெல்லாம் ஒவ்வொரு கோப்புறையாக நுழைந்து பார்க்கும்.

1983ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஜேம்ஸ் உட்ஸ் என்பார் வேறு வழி காட்டினார். கோப்புப் பெயர்களை முன்னரே திரட்டி வரிசைப்படுத்துக. அடுத்தடுத்த பெயர்களில் ஒத்து வரும் முற்பகுதியை மீண்டும் எழுதாது, எண்ணாற் குறித்துச் சுருக்குக என்றார். தேடுவோர்க்கு அச்சிறு பட்டியலே போதும். பின்வந்த 'லொகேட்' கட்டளைக்கு இம்முறையே அடிப்படை.

ஆயினும் விரைவுக்கு ஒரு விலையுண்டு. பட்டியலைப் புதுப்பித்தபின் தோன்றிய கோப்பு அதில் இராது. அழிக்கப்பட்டதன் பெயரோ எஞ்சி நிற்கும். ஆதலாற்றான் பழைய 'ஃபைண்டு' இன்றும் வழக்கொழியவில்லை.