குறத்தியின் ஊசிக்குப் பெயர் கிடையாதா?

பச்சை குத்துவதை இன்று கலை என்கிறார்கள். நல்லது. ஆனால் யார் கையிலிருந்து யார் கைக்குப் போன பிறகு அது கலை ஆனது என்று கேட்காமல் அந்தப் பாராட்டில் நாம் சேர்ந்துகொள்ள முடியாது.

எப்போதும்வென்றானைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் பலரின் முன்கையில் இன்னும் பச்சை இருக்கிறது. புள்ளிக்கோலம், தேள், மீன், பூ, கூடப்பிறந்தவர்களின் பெயர். புருசன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் அதைக் கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். உதவித்தொகை மனு எழுதும்போது கணவர் பெயரைக் கேட்டால், பதில் சொல்லாமல் கையை நீட்டும் பாட்டிமார்களை என் வேலையில் பார்த்திருக்கிறேன்.

இதைக் குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்கள். (நரிக்குறவர்கள் வேறு சமூகம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) கூடை முடைவது, குறி சொல்வது, பச்சை குத்துவது என்று ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தவர்கள். அவர்கள் மை தயாரித்த விதத்தைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் அரைத்து, மெல்லிய துணியில் வைத்துத் திரியாக்கி, ஆமணக்கு எண்ணெய் விளக்கில் எரிய விடுவார்கள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்து, அதில் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைப்பார்கள். அந்தக் கரி தோலுக்குள் போனதும் பச்சையாகத் தெரியும். பெயர் வந்தது அப்படித்தான்.

மை கூட்டத் தெரிய வேண்டும். கோலம் மனதில் இருக்க வேண்டும். எவ்வளவு ஆழம் குத்தினால் புண்ணாகாது என்று கைக்குத் தெரிய வேண்டும். இத்தனை அறிவுக்கும் கூலி சில்லறைக் காசும் தானியமும்தான்.

தர்ஸ்டன் இவர்களைப் பற்றி எழுதிய அதே காலத்தில் அரசு இவர்களை வேறு விதமாகப் பதிவு செய்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர்களின் பல பிரிவுகள் அதில் சேர்க்கப்பட்டன. அடுத்தவர் கையில் கோலம் போட்ட சமூகத்தின் கைரேகையைக் காவல்துறை வாங்கி வைத்துக்கொண்டது. நடமாட்டமே பிழைப்பாக இருந்தவர்களின் நடமாட்டம் கண்காணிக்கப்பட்டது. மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் சட்டம் நீங்கியது. சந்தேகப் பார்வை நீங்கவில்லை.

குத்திக்கொண்டவர்கள் பக்கத்துக்கும் வருவோம். பல சாதிப் பெண்களும் பச்சை குத்திக்கொண்டார்கள். ஆனால் நம் பெண்களுக்கு அது தந்த பொருள் வேறு. 1930 டிசம்பரில், நமக்குப் பக்கத்து மாவட்டமாக இருந்த ராமநாதபுரத்தில், ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். நகை போட்டால் வீடு எரியும் மண்ணில், யாராலும் பிடுங்க முடியாத நகை பச்சை ஒன்றுதான். அடகு வைக்கவும் முடியாது; சுடுகாடு வரை கூட வரும்.

பிறகு படிப்பும் டவுன் பழக்கமும் வந்தபோது பச்சை குத்திய கை பட்டிக்காட்டுக் கை ஆனது. எய்ட்ஸ் பிரச்சாரம் வந்ததும் ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தும் பயம் சேர்ந்தது. பயம் நியாயமானது. ஆனால் புது ஊசியும் பயிற்சியும் கொடுத்திருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெண்களையே ஒதுக்கினோம்.

1891இல் நியூயார்க்கில் சாமுவேல் ஓ'ரெய்லி மின்சாரப் பச்சை இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த இயந்திரத்தின் வாரிசுகள்தான் இன்று நம் நகரங்களின் டாட்டூ கடைகளில் ஓடுகின்றன. ஏசி அறை, கையுறை, ஆயிரக்கணக்கில் கட்டணம். குத்துபவருக்கு ஆர்ட்டிஸ்ட் என்று மரியாதை. அந்த மரியாதையில் எனக்குப் பொறாமை இல்லை. குறத்திக்கு ஏன் அது கிடைக்கவில்லை என்பதே கேள்வி. ஊசி மாறியதாலா, ஊசி பிடித்த கையின் சாதி மாறியதாலா?

வேறு வழி இருந்தது. பீகாரின் மதுபனி ஓவியத்தில் பிராமண, காயஸ்தப் பெண்களின் பாணிகளே பேசப்பட்ட காலத்தில், ஜித்வார்பூரின் துசாத் என்னும் தலித் சமூகப் பெண்கள் 1970களில் தங்கள் பச்சை வடிவங்களைத் தாளில் வரைந்தார்கள். அதற்குக் 'கோதனா' பாணி என்றே பெயர் நிலைத்தது. கோதனா என்றால் பச்சை. சானோ தேவி அந்தப் பாணியால் அறியப்பட்ட ஓவியர். நம் குறத்தியின் கோலங்களுக்கு அப்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை.

இன்று நம் பிள்ளைகள் கையில் அம்பேத்கர் முகத்தையும் 'ஜெய் பீம்' என்பதையும் குத்திக்கொள்கிறார்கள். நகைக்குத் தடை போட்ட ஊரில் அது தலைநிமிர்வு. அதே ஊசியால் சாதிப் பெருமையையும் குத்த முடியும் என்பதை மறக்கக் கூடாது. பள்ளிகளில் சாதிக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றை அறுத்துவிடலாம். தோலில் குத்தியதை?

தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மூத்த பெண்களிடம் அனுமதி கேட்டு அவர்கள் கைப் பச்சையைப் படம் எடுத்து வையுங்கள். என்ன வடிவம் என்பதோடு நிற்காமல், எந்த வயதில், எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன கூலிக்குக் குத்தினார் என்றும் எழுதுங்கள். குத்தியவரின் பெயர் அவர்களுக்கு நினைவிருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.