வேண்டாத செல்களின் பயணம்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை என்றால் கெட்ட மஜ்ஜையை அழித்து நல்லதை ஏற்றுவது. அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். மருத்துவர்களும் நெடுங்காலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள்.

1956. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் பார்ன்ஸும் லூட்டிட்டும் ரத்தப் புற்று கண்ட எலிகளுக்குக் கதிர்வீச்சு கொடுத்து மஜ்ஜை ஏற்றினார்கள். சொந்த இனத்து மஜ்ஜை பெற்ற எலிகளைப் புற்று மறுபடி பிடித்தது. அயல் மஜ்ஜை பெற்றவை புற்றுக்குத் தப்பின. ஆனால் வயிறு கழன்று, மெலிந்து செத்தன. வந்த காவல்நாய் திருடனையும் கடித்தது, வீட்டுக்காரனையும் கடித்தது.

1975இல் ஸ்டாக்ஹோமில் இன்னொரு தொல்லை. எந்தப் பயிற்சியும் தராத எலிச் செல்கள், லுகேமியா என்னும் ரத்தப் புற்றின் செல்களைத் தாமாகவே கொன்றன. சோதனையைக் கெடுக்கும் இரைச்சல் என்று பலர் ஒதுக்கியதற்கு 'இயற்கைக் கொலையாளி' என்று பெயர் கிடைத்தது. சுருக்கமாக என்.கே. செல்.

1980களில் கடியை நிறுத்த வழி பிறந்தது. மஜ்ஜையிலிருந்து டி செல்கள் என்னும் வெள்ளணுக்களை நீக்கிவிட்டு ஏற்றினார்கள். கடி குறைந்தது; கூடவே சி.எம்.எல். என்னும் நாட்பட்ட லுகேமியா திரும்பிவருவது எகிறியது. தூக்கியெறிந்ததுதான் மருந்து!

1990இல் மியூனிக்கின் கோல்ப் குழு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. ரத்தத்தைச் சுழலவிட்டால் சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மஞ்சள் பிளாஸ்மா மேலே நிற்கும். நடுவே மெல்லிய வெளிர் படலம்; வெள்ளணுக்கள் அதில்தான். நோய் திரும்பிய மூன்று சி.எம்.எல். நோயாளிகளுக்கு, மஜ்ஜை தந்த கொடையாளரின் வெள்ளணுக்களை இன்டர்ஃபெரான் மருந்தோடு ஏற்றினார்கள். மூவருக்கும் நோய் அடங்கியது. மெதுவாக வளரும் நோய் என்பதால் செல்களுக்கு வேலை செய்ய அவகாசம் இருந்தது. பிற மருத்துவமனைகளும் இந்த உத்தியை நகலெடுத்தன.

2001இல் சி.எம்.எல்.லுக்கு இமாட்டினிப் மாத்திரை வந்ததும் செல்கள் பின்வரிசைக்குப் போயின. நம் ஊரில் அந்த மாத்திரைக்கு வேறு கதை. சென்னை காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கிய வழக்கு 2013இல் உச்ச நீதிமன்றத்தில், அதைத் தயாரித்த நோவார்டிஸ் நிறுவனத்துக்குத் தோல்வியாக முடிந்தது. நகல் மாத்திரைகள் பிழைத்தன. என்னைக் கேட்டால், நல்ல நகல்.

ஆயுள் முழுக்க விழுங்க வேண்டுமா? 2007 முதல் பிரெஞ்சு மருத்துவர்கள், இரண்டாண்டுக்கு மேல் நோயின் தடமே தெரியாத 100 பேருக்கு மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். சுமார் 40 பேருக்கு நோய் திரும்பவில்லை. நிறுத்தும்போது என்.கே. செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைவு என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. திரும்பியவர்கள் மாத்திரையை மறுபடி எடுத்தார்கள். பெரும்பாலோருக்கு அது பழையபடி வேலை செய்தது.