ஈஸ்ட் வைக்கும் ரிசர்வ் - ஒரு சின்ன வரலாறு

காமர்ஸ் படிக்கிறவங்களுக்கு 'ரிசர்வ்' என்றதும் பேலன்ஸ் ஷீட்தான் ஞாபகம் வரும். கண்ணுக்கே தெரியாத ஈஸ்ட்டும் ரிசர்வ் வைக்குதுங்க! அதை மனுஷன் கண்டுபிடிச்ச கதைதான் இது.

1857-ல் பிரான்சின் கிளாட் பெர்னார்ட், கல்லீரலிலிருந்து கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். 'விலங்கு ஸ்டார்ச்' என்றே அதுக்கு இன்னொரு பேர். ஆனா 1885-ல் பெல்ஜியத்தின் லியோ எரேரா, பீர் ஈஸ்ட்டிலும் அது இருக்கு என்றார். (அயோடின் விட்டால் கிளைக்கோஜன் செம்பழுப்பா மாறும், அதான் டெஸ்ட்.) டிரெஹலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் ஈஸ்ட்டில் இருப்பது 1925-ல் தெரிய வந்தது.

எப்போ சேமிக்குது என்பதுதான் சுவாரஸ்யம். சர்க்கரை நிறைய இருக்கும்போது ஈஸ்ட் வேகமா பெருகும், சேமிப்பு கொஞ்சம்தான். சர்க்கரை குறைய ஆரம்பிச்சதும், தீர்ந்து போறதுக்கு முன்னாடியே, கிளைக்கோஜனைச் சேர்க்கும். டிரெஹலோஸ் பெரும்பாலும் அதுக்கப்புறம், வளர்ச்சி நின்ற பிறகு. 1980-ல் லில்லி, பிரிங்கிள் என்ற இரண்டு பேர் இதை விரிவா அளந்து எழுதினாங்க. கடை நொடிச்ச பிறகு ரிசர்வ் தேடும் முதலாளிகளை விட ஈஸ்ட் எவ்வளவோ மேல் :-)

எங்க சிவகிரி பக்கத்துப் பனைக்கு வருவோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் இறங்கி, சில மணி நேரத்தில் கள்ளாக்கிவிடும். அந்தக் காலத்தில் ஆப்ப மாவு பொங்கவும், வெள்ளைக்காரர் காலத்துச் சென்னையில் ரொட்டி மாவு பொங்கவும் இந்தக் கள்தான். கோவாவில் போர்ச்சுகீசியர் ரொட்டிக்கும் இதேதான்.

சிக்கல் என்னன்னா, கள் காத்திருக்காது. மறுநாளே புளிச்சுப் போகும். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக ஃபிளைஷ்மன் கம்பெனி, ஐஸ் பெட்டி தேவைப்படாத உலர் ஈஸ்ட்டைக் கொண்டு வந்தது. தண்ணீர் வற்றும்போது செல்லின் சவ்வும் புரதமும் சிதையாமல் காப்பதில் டிரெஹலோஸுக்குப் பெரிய பங்கு. அதனாலதான் மாசக்கணக்கில் பாக்கெட்டில் கிடந்த ஈஸ்ட், வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டதும் முழிச்சுக்குது.

தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. குடிக்கிறதைப் பற்றித்தான் எல்லாரும் பேசறாங்க. ஆப்பச் சட்டியைப் பற்றி யாரும் பேசறதில்லை. மரத்திலிருந்து சும்மா கிடைச்ச ஈஸ்ட்டை இப்போ மளிகைக் கடையில் காசு கொடுத்து வாங்கறோம். கேரளாவில் இன்னும் கள் ஊற்றி ஆப்பம் சுடறாங்க. செங்கோட்டை தாண்டினால் போதும்.