வெற்றிலைச் சிவப்பும் வெளுத்த வாயும்

கண்டியின் பழைய வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் வெற்றிலை பாக்கு எதிர்ப்படாமல் போகாது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டு வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில் இங்குள்ள கமுகையும் வெற்றிலை போடும் வழக்கத்தையும் பதிந்துள்ளார். மலைநாட்டுப் பாக்கு கரைக்கு இறங்கித் தென்னிந்தியாவுக்குக் கப்பலேறியது. அந்த வணிகத்தைக் கைப்பற்ற ஒல்லாந்தர் பெரிதும் முயன்றனர். கண்டிக் கைவினைஞர் செய்த பாக்குவெட்டிகளும் சுண்ணாம்புச் சிமிழ்களும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் மென்றவர்களின் வாய்க்கு என்ன நேர்ந்தது என்பதை எந்த அருங்காட்சியகமும் சொல்வதில்லை. பாக்குக்கு நாம் கொடுத்த மரியாதையே அது தந்த நோயை நெடுங்காலம் மறைத்தது என்பது என் முடிவு.

அந்த நோயில் வாயின் உட்சவ்வுக்கு அடியில் நார்த்திசு பெருகி இறுகுகிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு உட்கன்னம் வெளுத்துப் பளிங்குபோல் ஆகும். தடவினால் கயிறு போன்ற பட்டைகள் விரலில் தட்டும். உண்ணாக்கு சுருங்கும், நாக்கை நீட்ட முடியாது, கடைசியில் ஒரு கவளம் சோற்றுக்கே வாய் திறக்க மறுக்கும். சிலருக்கு இது புற்றுநோயாக மாறுகிறது. நூற்றாண்டுகளாக மென்ற பாக்கின் இந்த விளைவை நவீன மருத்துவம் விவரித்தது 1952இல்தான்; அதுவும் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் கண்டு எழுதியபோது. நோய் அன்று பிறந்ததல்ல. வாய்க்குள் பார்ப்பதற்கு அதுவரை ஆள் இல்லை. கொழும்பில் 1943இல் தொடங்கிய பல் மருத்துவக் கல்வி 1954இல் பேராதனைக்கு வந்தது. ஆனால் மலைநாட்டில் தேயிலைத் தோட்டம் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது; ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டது 1867இல். குளிருக்கும் பசிக்கும் வெற்றிலையைத் துணைகொண்ட தோட்டத் தொழிலாளர் தலைமுறைகள் இடையில் எத்தனையோ கடந்துவிட்டன. சிவந்த வாய் மங்கலம் என்று கண்டவர்கள், அந்தச் சிவப்புக்கு அடியிலிருந்த வெளுப்பைக் காணவில்லை.

குற்றம் புகையிலையுடையது, பாக்கு பாவமறியாது என்பார்கள். புகையிலை கொடியது என்பதில் ஐயமில்லை. நெய்யூரில் பணியாற்றிய ஓர் (Orr) என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றுநோயை 1933இலேயே எழுதினார். ஆனால் புகையிலையைத் தொடாமல் பாக்கை மட்டும் மென்றவர்களுக்கும் வாய் இறுகுகிறது. பாக்கிலுள்ள அரெகோலின் நார்த்திசு உருவாவதைத் தூண்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985இல் புகையிலை சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. 2004இல் வெளியான அதன் மதிப்பீடு பாக்கையே அப்படி வகைப்படுத்தியது. பாட்டி எண்பது வயதுவரை போட்டாரே என்ற வாதமும் நிற்காது. பிழைத்தவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. வாய் திறக்காமல் இறந்தவரை யாரும் எண்ணிவைக்கவில்லை.

பண்பாட்டைப் பழிப்பதாக இதை நினைக்கவேண்டாம். சிங்களப் புத்தாண்டில் பெரியவர்களை வணங்கிக் கொடுக்கும் வெற்றிலைக் கட்டிலும், தமிழர் கல்யாணத்துத் தாம்பூலத் தட்டிலும் மரியாதை கொடுப்பதில் இருக்கிறது, மெல்லுவதில் இல்லை. கொடுக்கும் வழக்கம் நிலைக்கட்டும், மெல்லும் பழக்கம் ஒழியட்டும். நோயை முன்கூட்டியே காண்பதற்குப் பெரிய கருவியும் வேண்டியதில்லை. சமன் வர்ணகுலசூரிய முதலானோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்ற அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்களே இலங்கை மக்களின் வாயைப் பார்த்து ஆபத்தான மாற்றங்களை அடையாளம் காணமுடியும் என்று காட்டியது. வெற்றிலை போடுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் நுழையாவிட்டாலும், உட்கன்னம் வெளுத்திருந்தாலும், அவரை உடனே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.