மாவுக்கும் நிலக்கரிக்கும் ஒரே பட்டியல்

ஒரு கம்பனியின் மென்பொருள் இன்னொரு கம்பனியின் மென்பொருளோடு தரவு பரிமாறுவது இணையம் தந்த வசதி எண்டு நினைக்கிறம். அதன் வேர் 1948ஆம் ஆண்டு பெர்லினில் இருக்கு.

சோவியத் படைகள் தரைவழிகளை அடைக்க, மேற்கு பெர்லினுக்கு மாவும் நிலக்கரியும் விமானத்தில் போயின. மொத்தம் சுமார் 23 இலட்சம் தொன். சரக்குப் பட்டியல்களோ ஆளுக்கொரு வடிவம், ஆளுக்கொரு மொழி. அமெரிக்க அதிகாரி எட்வேர்ட் கில்பேர்ட், டெலக்ஸிலும் தொலைபேசியிலும் அனுப்பக்கூடிய ஒரே பட்டியல் வடிவத்தை உருவாக்கினார். 1968இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையினர் குழு அமைத்து, அதே யோசனையைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தினம்.

வயர் இழுப்பது சுகம். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது எண்டு எல்லாரும் உடன்படுறதுதான் பாடு. கட்டம் ஒதுக்காத விசயம் அடுத்த கணினிக்குப் போகவே போகாது. அந்தக் கட்டங்களை ஆர் கீறுகினம் எண்டுதான் நாங்கள் கேட்கவேணும்.